"ஏண்ணே, வா" என்றவள்

பிள்ளைகளா, உங்கள் அத்தை "இருங்கண்ணே, சாப்பிடுங்கண்ணே" என்று என்னிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அத்தைக்கு அப்பா மேல எவ்வளவு மரியாதை!" என்று நேற்று உங்களுக்குள் மெச்சிக்கொண்டீர்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. ஏன் என்று வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில். அங்கே பெற்ற தாயை "நீ" என்போம், கூடப்பிறந்த அண்ணனை "வா" என்போம். "வாங்க, போங்க" எல்லாம் அதிகாரிகளுக்கு. அப்பா அம்மா போனபிறகு நானும் அவளும் கப்பலேறி மலாயாவில் ஜொகூருக்கு வந்து, ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், ஓர் அறையில் குடியிருந்தோம். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போது வாசலிலிருந்தே கத்துவாள்: "ஏண்ணே, வா! கஞ்சி ஆறுது!" லயம் முழுக்கக் கேட்கும்.

அதே தோட்டத்தில், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில், கோயமுத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் வேலை பார்த்தார். தெருவில் விளையாடும் சின்னப் பிள்ளையைக்கூட "நகருங்க சாமி" என்பார். அடுத்த அறைக்காரி சிரிப்பாள்: "அவுக ஊருல கோழியக்கூட, கூண்டுக்குள்ள போங்கன்னு கும்பிட்டுத்தான் அடைப்பாக!" அவருக்கு உங்கள் அத்தையைக் கட்டிக்கொடுக்க எனக்கு ஆசை. அவளுக்கும்தான். அவர் பேச்சு வந்தால் அடுக்கிய விறகையே மறுபடி கலைத்து அடுக்குவாள்.

பெண் பார்க்க, அவருடைய அக்கா காஹாங் தோட்டத்திலிருந்து வந்தார். உங்கள் அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வாக்கா, ஏன் வெயில்ல நிக்க? உள்ள வந்து உக்காரு. நீ சாப்பிட்டியா?"

எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட்டால், உன்னை என் ரத்தமாக எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அந்த அம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கொடுத்த கோப்பியைத் தொடவில்லை. புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"பொண்ணு லச்சணமாத்தானுங்க இருக்குது. எங்கூட்டுல கைக்கொழந்தையக்கூட வாங்கன்னுதானுங்க சொல்லுவோம். மூத்தவ, என்னையே வா போங்குது. நாளைக்கு எந்தம்பிய என்னன்னு கூப்புடுமோ! ஒத்துவராதுங்க."

வேண்டாம் என்பதைக்கூட மரியாதையாகத்தான் சொன்னார்.

"அம்மா, அது எங்க ஊர்ப் பாசமுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த அறைக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. அவர் போனதும் அந்த நாக்கு இவள் மேல் பாய்ந்தது.

"கப்பலேறி வந்தும் காட்டுப்பேச்சு போகலியா? இனிமே யாரா இருந்தாலும் வாங்க, போங்கன்னு பேசு!"

"உன்னையுமாண்ணே?"

"என்னையுந்தான்!"

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் சத்தம் இல்லை. உள்ளே போனபிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட வாங்கண்ணே" என்றாள். கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும், பழையபடி கத்துவாள் என்று நினைத்தேன். கோபமே இல்லை அவளுக்கு. அண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். புகைக்கூடத்து இளைஞரும் கொஞ்ச நாளில் அக்கா இருந்த தோட்டத்துக்கே போய்விட்டார்.

பிறகு கெலாங் பாத்தா ஊரில் உங்கள் மாமாவுக்கு அவளைக் கொடுத்தேன். தங்கமான மனிதர், குறை சொல்ல முடியாது. முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, இலை போட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள்.

"எனக்கெதுக்குத்தா இந்த மரியாதை எல்லாம்? பழையபடி வான்னு கூப்பிடேன்."

சிரித்தாள். "வாயில வரமாட்டேங்குதுண்ணே. நீங்கதான சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வரவில்லை.

திரும்பும் வழியில் மாட்டுவண்டிக்காக ரப்பர் மர நிழலில் காத்திருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தேன். அவள் கத்துகிற மாதிரியே, "ஏண்ணே, வா! கஞ்சி ஆறுது!" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு சாப்பிட ஆரம்பித்தேன்.