எல்லுக்கும் எக்ஸெல்லுக்கும் நடுவில் ஒரு கல்யாணம்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், மேட்டுப்பாளையத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். நாங்கள் குன்னூர்க்காரர்கள். நான் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பிக்கு எல்லாமே நான்தான்.

அவனுக்குப் பெண் தேடி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கீழே சமவெளியில் போய்க் கேட்டால், "ஐயோ, குளிருமுங்களே", "காட்டெருமை ஊட்டு வாசலுக்கே வருமாமே" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருவது உண்மைதான். எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு அது பாட்டுக்குப் புல் மேயும். அதற்காக நாங்கள் கல்யாணம் பண்ணாமலா இருக்கிறோம்? கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண், "குளிர் எனக்குப் பிடிக்கும்" என்று தானே முன்வந்து சம்மதம் சொன்னாள். எனக்கு மனசு கொள்ளாத சந்தோஷம்.

எங்கள் வழக்கப்படி தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் கையால். பெண்ணுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டி, மண்டபம் முழுக்கப் பார்க்க நான் போடவேண்டிய முடிச்சு அது. அதற்காக நான் எவ்வளவு நாள் காத்துக் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்து என் உடம்பு இளைக்க ஆரம்பித்திருந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் டாக்டர், "சர்க்கரை எட்டிப் பார்க்குது, எடையைக் குறைங்க" என்று சொல்லியிருந்தார். பயந்துபோய் நடக்கத் தொடங்கினேன். சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு மேடேறி நடைதான். வழியில் காட்டெருமை நின்றால் மட்டும் அன்றைக்கு பஸ். டீக்குத் தொட்டுக்கொள்ளும் வர்க்கியையும் விட்டேன். குன்னூரில் இருந்துகொண்டு வர்க்கியை விடுவது என்றால் சும்மா இல்லை, பேக்கரியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன். உடம்பும் இறங்கியது. ஆனால் துணி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன்.

பழைய பிளவுஸ் எல்லாம் தோளை விட்டு நழுவியது. சுடிதார் எடுக்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனால், எக்ஸெல் போட்டால் உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம். எல் போட்டால் கை நுழையும், அதற்கு மேல் இறங்காது. தலை உள்ளேயும் கை வெளியேயுமாக மாட்டிக்கொண்டு, கடைப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் ஒரு முறை வெளியே வந்தேன். "இதுக்கும் அதுக்கும் நடுவுல சைஸ் வராதுங்களா?" என்று கேட்டதற்கு அவள், "வராதுங்கக்கா, நீங்கதான் ஏதாவது ஒரு பக்கம் வரோணும்" என்று சிரித்தாள்.

புதிதாகத் தைக்கவும் மனசு வரவில்லை. இன்னும் இளைக்கத்தானே போகிறோம், எதற்கு வீண் என்று தோன்றியது. பழையதையே பிடித்துப் பிடித்து ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் அது பெரிய சௌகரியம். புடவைக்கு மேல் வருஷம் முழுக்க சுவட்டர். உள்ளே எத்தனை ஊக்கு இருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆனால் கல்யாணத்துக்குப் புதுப் பட்டுப்புடவை. மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர், தம்பி எடுத்துக் கொடுத்தது. அதற்கு மட்டும் பச்சை பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அளவெடுத்த அக்காவிடம், "இதுல ரெண்டு இன்ச் குறைச்சே தைங்க, கல்யாணத்துக்குள்ள நான் அந்த அளவுக்கு வந்துருவேன்" என்றேன். அந்த அக்கா டேப்பை என் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நெசமாத்தான் என்றேன். கச்சிதமாக இருக்க வேண்டும், உள்ளே மடிப்பில் துணியே விடாதீர்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உடம்பு இளைப்பது அதோடு நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆசை ஆசையாகப் பிளவுஸை எடுத்துப் போட்டால், கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். பிரித்து விடலாம் என்றால் உள்ளே துணியே இல்லை. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாலி கட்டி முடியற வரைக்கும் மூச்சு உடாம இரு புள்ள" என்று யோசனை சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடே கிடைத்திருக்கக் கூடாது.

வேறு வழியில்லை. பழைய பச்சை பிளவுஸை எடுத்து, இரண்டு பக்கமும் தோளிலும் ஊக்குகளைக் குத்தி, மேலே சுவட்டரை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அம்சமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததே சுவட்டர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் யாரும் சுவட்டர் போட மாட்டார்கள் என்பதும் உறைக்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த புத்தி அப்படி.

காலையில் வேன் கிளம்பியது. பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் சுவட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் திணிப்பார்கள். எங்கள் வேனிலும் எல்லாரும் கழற்றினார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஏனக்கா, கழட்டலையா? வேகுதே" என்றாள் என் சித்தப்பா மகள்.

"எனக்கு இன்னும் குளுருது" என்றேன். நெற்றியிலிருந்து வியர்வை மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் இறங்கியபோது அடுப்புக்குள் இறங்கிய மாதிரி இருந்தது. சீர்த்தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறினேன். அவ்வளவுதான், தோளில் இருந்த ஊக்கு பட்டென்று திறந்து நறுக்கென்று குத்தியது. "அம்மா!" என்று அலறினேன். தட்டிலிருந்த தேங்காய் உருண்டது. இன்னொரு ஊக்கும் விட்டுப்போய், சுவட்டருக்குள்ளேயே பிளவுஸ் தோளை விட்டுச் சரிந்தது. ஒரு கையால் சுவட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பை இப்போது வீடியோவில் பார்த்தாலும் பாவமாக இருக்கும்.

விஷயம் என்னவென்று தெரியாமல் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "உடம்புக்கு முடியலீன்னா வுடு அம்மிணி. சித்தப்பா புள்ள இருக்குதில்ல, அது முடிச்சு போடட்டும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் சித்தப்பா மகள் அந்த நிமிடமே முந்தானையைச் சரிசெய்து, தலைப்பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீடு வீடாக ஏறி இறங்கியது நான். முடிச்சு போடுவது இவளா?

மாப்பிள்ளை அறையில் ஆம்பிளைகள் கூட்டம். எங்கே போய் ஊக்கு குத்துவது? பெண் வீட்டார் அறைக்குள் நுழைந்து மூலையில் திரும்பி நின்றேன். பெண்ணின் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏனுங்க, காய்ச்சலுங்களா? இந்த வெக்கையில சுவட்டர் போட்டுருக்கீங்களே!" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கை பட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. எனக்குப் போட்டுக்கத் துணி இல்லீங்க" என்று ஓவென்று அழுதுவிட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு துணி இல்லை என்று அழுத நாத்தனார் நானாகத்தான் இருப்பேன். நடை, வர்க்கி, இரண்டு இன்ச், ஊக்கு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அறையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பதா, ஐயோ பாவம் என்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! கதவைத் தாழ்போட்டு ஆளுக்கொரு பையைத் திறந்தார்கள். பெண்ணின் சித்தி கொடுத்தது முழங்கையில் நின்றது. அத்தை கொடுத்தது எனக்குக் கூடாரம். "நீங்க எந்தச் சைசுலதான் இருக்கீங்க?" என்று ஒரு அம்மா கேட்க, "அது தெரிஞ்சா நான் ஏனுங்க அழுவுறேன்?" என்றேன். அதோடு எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். நானும் அழுகையோடு சிரித்தேன். வெளியே நாதஸ்வரம். ஐயர் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து மணப்பெண் பேசினாள். ஜடை அலங்காரத்தில் கழுத்தைத் திருப்பக்கூட முடியாமல் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அண்ணி, அந்தப் பெட்டியத் தொறங்க. மேலயே பச்ச பிளவுஸ் ஒண்ணு இருக்கும். போட்டுப் பாருங்க" என்றாள்.

அவள் அம்மா பதறினார். "கண்ணு, அது நீ சாப்பாட்டுக்கு மாத்தறதுக்குத் தெச்சது. அப்புறம் நீ எதைப் போடுவ?"

"இந்தக் கூரைப்புடவையிலயே இருந்துக்கறேன். ஒரே புடவையில இருந்தா கல்யாணம் செல்லாதாம்மா?"

போட்டுப் பார்த்தேன். கொக்கி ஒவ்வொன்றும் தானாகப் போய் உட்கார்ந்தது. தோள் தோளில் நின்றது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, ஊக்கு இல்லாமல், இழுத்துப் பிடிக்காமல், என் அளவுக்கு ஒரு துணி. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு இளைத்திருக்கிறேனா நான்! சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கையத் தூக்கிப் பாருங்க அண்ணி. முடிச்சு போடோணுமில்ல?" என்றாள் அவள்.

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் அவள் கழுத்துப் பக்கம் கொண்டுபோனேன். அவள் அம்மா, "ஐயையோ, இப்பவே கட்டிறாதீங்க! மாப்பிள்ளை வரட்டும்" என்று கத்தினார். சிரிப்பில் அறையே அதிர்ந்தது.

கெட்டிமேளம் கொட்டியபோது தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்தான். நான் கையை நீட்டினேன். ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை, நழுவவில்லை. இரண்டு முடிச்சும் போட்டு முடித்தபோது அட்சதை தலையில் மழையாகக் கொட்டியது. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்தேன். கண்ணீர் மணப்பெண்ணின் தலைப்பூவில் விழுந்தது. சித்தப்பா மகள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் பிளவுஸைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்று மணப்பெண்ணிடம் போனேன். "அப்புறம் நீங்க மறுபடியும் சுவட்டரா? சும்மா இருங்கண்ணி" என்று தள்ளிவிட்டாள். கனத்த கூரைப்புடவையோடு, அந்த வெக்கையில், வியர்க்க விறுவிறுக்கச் சாயங்காலம் வரை அப்படியே இருந்தாள். யாராவது ஏன் புடவை மாற்றவில்லை என்று கேட்டால், "இதைக் கழட்ட மனசு வரலீங்க" என்பாள். உண்மைக் காரணத்தை என் தம்பியிடம்கூட அவள் சொல்லவில்லை. பல நாள் கழித்து நான்தான் சொன்னேன்.

என் எடை அதற்குப் பிறகும் இறங்கியது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. அந்தந்த மாதம் எப்படி இருக்கிறேனோ அந்த அளவுக்கே இப்போது துணி தைத்துக்கொள்கிறேன், மடிப்பில் தாராளமாகத் துணி விட்டு. இளைத்த பிறகுதான் நல்லதாக உடுத்த வேண்டும் என்று என்னை நானே காக்க வைப்பதில்லை. அந்தப் பச்சை பிளவுஸைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "உங்களுக்குத்தான் அது அழகு" என்று அவள் வாங்கவே இல்லை.

ஊர் ஊராக அலைந்து தம்பிக்கு ஒரு துணையைத் தேடியதாகத்தான் அன்றைக்குக் காலை வரை நினைத்திருந்தேன்; எனக்கும் சேர்த்துத்தான் தேடியிருக்கிறேன் என்பது அந்த அறையில், அவளுடைய பிளவுஸைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.