சுவரில் இருந்த முகம்

காலை நடைக்குப் போன தையல்காரி பாலத்துச் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள். புதிதாக வரைந்திருந்த பயணிகள் கூட்டத்தில் அவள் முகம் இருந்தது.

ஏணியில் நின்ற ஓவியர் சிரித்தார். “ரெண்டு நாளா இந்த பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருந்தீங்களேக்கா, உங்களைப் பாத்துதான் வரைஞ்சேன்.”

அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போய் முப்பது வருடமாகத் தகவலே இல்லாத, கூடப் பிறந்த இரட்டை அக்காவின் நினைவு வந்தது.

“நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?” என்று மெல்லக் கேட்டாள்.

“மறந்துட்டீங்களா? தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, கூப்பிட மனசு வராம திரும்பிட்டேன், ஊருக்குப் போறேன்னு சொன்னீங்க.”

அவள் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் குனிந்து ஒரு காலடித் தடமாவது தெரிகிறதா என்று தேடினாள். விடியும்போதே வாசலைத் தன் கையாலேயே பெருக்கிவிட்டிருந்தாள்.