பற்றரி உடைத்த முற்றம்

தீர்ந்துபோன பற்றரிகளை ஒரு போத்தலில் சேர்த்து வைப்பது என் வழக்கம். நிரம்பியதும் பஸ் ஏறி மட்டக்களப்பு நகருக்குப் போய், ஒரு கடை வாசலில் அதற்கென்றே வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். "குப்பைக்குள்ள எறியாம, இதுக்கொரு பயணமா?" என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். இன்று காலை ரிமோட்டைத் திறந்தேன். பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்த்ததுமே என் நாக்கு இனித்தது.

அந்த இனிப்பு வசந்தி தந்தது. சின்ன வயதில் தன்னாமுனையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாதவள். அவளுடன் இருந்தால் எனக்குப் பேச இடமே கிடைக்காது; அடக்கமான பிள்ளை என்று நான் பெயர் வாங்கியதே அப்படித்தான். அவள் அப்பா வாவியில் வலை வீசுபவர். வலைக்கு ஈயக் குண்டு வேண்டுமென்றால் அந்த நாளில் யாரும் கடைக்குப் போவதில்லை. செத்த பஸ் பற்றரியை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத் தகட்டை முற்றத்திலேயே சட்டியில் உருக்கி வார்ப்பார்கள். உள்ளிருந்த அசிட்டை முருங்கையடியில் ஊற்றுவார்கள். அங்கே புல் முளைக்கவில்லை. அங்கே கிளறிய கோழிகள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தன. கோழி நோய் என்று பேசிக்கொண்டோம்.

"இஞ்ச மண் இனிக்கிது கா, தின்னு பாரன்" என்றாள் வசந்தி ஒருநாள். தொட்டு நக்கினேன். உண்மையாகவே இனித்தது. அம்மா கண்டுவிட்டு வாயிலேயே அடி போட்டதில் நான் தப்பினேன். அவள் தின்றதைக் கண்டவர் யாருமில்லை.

போகப் போக அவள் பேச்சு குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் பார்ப்பாள். பேய் பிடித்ததென்று நூல் கட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "வீட்டில ஈயம் உருக்கிறீங்களா?"

அவள் வீட்டுக்குத் திரும்பினாள், பேச்சு திரும்பவில்லை. அவள் அப்பா வலையிலிருந்த குண்டுகளையெல்லாம் அறுத்தெடுத்தார். வாவியில் போட்டால் மீன் சாகும் என்று பயந்து, சட்டி, சாம்பல், மிச்சத் தகடு எல்லாவற்றோடும் சேர்த்து முற்றத்திலேயே புதைத்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

பிறகு வீடு வளவை விற்றுவிட்டுப் போனார்கள். இன்று வசந்தியும் உயிரோடு இல்லை, அவள் அப்பாவும் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனேன். புது வீடு, புது மதில், முற்றமெங்கும் கீரைப்பாத்தி. வீட்டுக்காரப் பெண் சிரித்தபடி ஒரு பிடி கீரையைப் பிடுங்கி நீட்டினாள். நான் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே தொட்டிலில் பிள்ளை அழுதது, அவள் அசையவில்லை.

"எவடத்தில அக்கா குழி வெட்டித் தாட்டவர்?"

முருங்கை இல்லை, கிணறு இல்லை, பழைய வேலி இல்லை. அந்த முற்றத்தில் நின்று எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.