பொலி சொல்லாத காலை

காலை ஏழரைக்கு மகன் விசில் ஊதினான். எதிரே இருந்த தேயிலை மலையிலிருந்து அந்தச் சத்தம் என் வகுப்பறைக்குள் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் யாரும் செடியில் கை வைக்கவில்லை. கூடைகளை இறக்கிவிட்டுப் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

ராணுவத்திலிருந்து விலகி வந்தவனுக்கு அது தோட்டத்தில் முதல் நாள். ஹட்டன் நகரில் ஓர் ஏஜன்ட் வெளிநாட்டில் காவல் வேலை என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படிப் போன சிலரைப் போர்முனைக்கே அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் அழுததால்தான் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்கு ஒப்புக்கொண்டான். சரிவராவிட்டால் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தான்.

பிள்ளைகளை அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறினேன்.

"என்னங்க டீச்சர், பொலி சொல்லாம எப்படிங்க கொழுந்துல கை வைக்கிறது?" என்றாள் முன்னால் இருந்த பெண். "ஐயா விசில் ஊதுறாரு. நாங்க என்ன சண்டைக்கா போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி" சொல்லித்தான் இங்கே கொழுந்தெடுக்கத் தொடங்குவார்கள். டீச்சர் வீட்டில் வளர்ந்து, பள்ளி முடித்ததும் ராணுவ முகாமுக்குப் போனவனுக்கு அது தெரியவில்லை. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்து பொலி சொன்னார். வேலை தொடங்கியது. மகன் மட்டும் முகம் சிவந்து நின்றான்.

இப்போது அதைச் சொல்லி அவனே சிரிக்கிறான். எனக்கு இன்னும் எங்காவது விசில் கேட்டால் ஜன்னலுக்கு ஓடத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "நாளைக்கு ஏஜன்டப் பார்க்கப் போறேம்மா. அங்க சொன்னா ஆளுங்க நகருவாங்க. இங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். உப்புப் போட்டேனா என்பதே மறந்துபோனது.

அப்போது வாசலில் பேச்சுக் குரல். காலையில் கேலி செய்த அதே பெண், இன்னும் இருவரோடு வந்திருந்தாள்.

"டீச்சர், ஐயாவுக்குக் கோபமாங்க? வயித்துப் புள்ளக்காரி ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஏத்தம் இல்லாத செடி நிரையா இவராவே பார்த்துக் குடுத்தாரு. இதுக்கு முன்ன இருந்தவரு யாரும் அப்படிப் பார்த்ததில்லைங்க. நாங்க சிரிச்சோம்தான். அதுக்காக இவர எங்கயும் அனுப்பிறாதீங்க. நாளைக்கும் எங்க மலைக்கே வரச் சொல்லுங்க."