ருஷ்தா லாத்தாவின் அடிகள்

ராஹிலா சாச்சியின் பாட்டு சுவரைத் தாண்டாது. காயல்பட்டினத்தில் எங்கள் தெருவே அவரைச் சாச்சி என்றுதான் அழைக்கும். வட்டிலப்பம் என்னும் இனிப்பு செய்து விற்பார், என்னைப் போன்ற பெண்களை 'ளா' போட்டுப் பேசுவார், பேச்சில் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார். பாடினால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் கேட்கும்.

அந்தப் பாட்டைத்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சாச்சிக்குத் தொண்டையில் கட்டி. தூத்துக்குடியில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பிறகு குரல் இருக்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. சாச்சி வளர்த்த அக்கா மகள் அஃப்ரா தோஹாவில் நிறைமாதம். தன்னைத் தூங்கவைத்த தாலாட்டு தன் பிள்ளைக்கும் வேண்டும் என்று போனில் அழுதிருக்கிறாள்.

பல ஊர் சுற்றி, பதிவுக் கருவிகளோடு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். முதலில் மேடையில் பிடித்துப் பாடும் கைமைக்கை வைத்துப் பார்த்தேன். சாச்சியின் குரலுக்காக ஒலியைக் கூட்டக் கூட்ட, இரைச்சலும் மழைபோலக் கூடியது.

"கொஞ்சம் சத்தமாப் பாடுங்க சாச்சி."

"சுவத்தைத் தாண்டுனா அது தாலாட்டு இல்லளா, மீன் ஏலம். நாடெல்லாம் சுத்துனியே, உருப்படியா ஒரு மைக்கு வாங்கத் தெரியலியா?"

மைக்குக்கென்றே ஓர் இரைச்சல் உண்டு. யாரும் பேசாதபோதும் அது தானாக முணுமுணுக்கும். அது மிகக் குறைவாக உள்ள கண்டென்சர் மைக் ஒன்றைச் சென்னை நண்பரிடம் இரவல் வாங்கினேன். அதற்கோ எல்லாமே கேட்டது: மின்விசிறி, ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார். எனவே பராமரிப்புக்காகத் தெரு முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள் வரை காத்திருந்தோம். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடியது. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, மைக்கைச் சாச்சியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.

சாச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஓர் அடி, பிறகு ஓர் அடி நீளத்துக்கு மௌனம், மறுபடி ஓர் அடி. நான் பதிவுக் கருவியின் ஒலியளவு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மௌனத்திலும் அது லேசாகத் துடித்தது.

"ஏன் விட்டு விட்டுப் பாடுதிய?"

"அது லாத்தாவோட அடில்லா."

லாத்தா என்றால் அக்கா. ருஷ்தா, அஃப்ராவைப் பெற்ற உம்மா. சகோதரிகள் இருவரும் அடிக்கு அடி மாற்றிப் பாடுவார்களாம். ஒருத்தியின் அடியை மற்றவள் எடுப்பதில்லை. குழந்தை தவழும் முன்பே ருஷ்தா இறந்துபோனாள். அவளுடைய இடங்களை வெறுமையாக விட்டுப் பாடித்தான் சாச்சி அஃப்ராவை வளர்த்தார்.

ஹெட்ஃபோனை மாட்டிப் பதிவைக் கேட்டேன். முதல் பதிவில் வெறும் இரைச்சலாக இருந்த அந்த இடங்களில் இப்போது உதடுகள் ஒட்டிப் பிரியும் ஓசை. சொல்சொல்லாக மூச்சு. குரலில்லாமல் ஒருத்தி விடுபட்ட அடிகளைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல வாயசைச்சியளா சாச்சி?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல. அவ அடிய நான் தொடுவனா?"

ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்த இடத்தையெல்லாம் அழிச்சிரலாம் சாச்சி. சின்ன வேலைதான்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "தொடாதளா. பேரப்பிள்ளைக்கு அவளும் பாடட்டும். இப்படியே அனுப்பு" என்றார்.

அறுவைக்குப் பிறகு சாச்சிக்குக் குரல் திரும்பவில்லை. பேறுகாலத்தில் அஃப்ரா கலங்குவாள் என்று அவளிடம் அதைச் சொல்லவில்லை. அஃப்ராவுக்கு மகன் பிறந்து, ஒருநாள் அவள் அழைத்தபோது நான் சாச்சியோடு இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாச்சி, பாட்டைப் போட்டா உடனே தூங்குதான். ஆனா நடுவுல கூடப் பாடுதது யாரு? நீங்க அந்த இடத்தைச் சும்மால்ல விடுவிய?"

சாச்சி என் கையிலிருந்து போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

"உம்மா. ஒன் உம்மா."

உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. மூச்சு மட்டும் வந்தது.



"இந்தக் குரல்தான்" என்றாள் அஃப்ரா. "பேசுனது யாரு? சாச்சி எங்க? பாட்டுக்கு நடுவுல பாடுதது இந்தக் குரல்தான்."