விழுந்த மாங்காயும் பேண்டேஜ் துணியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமாகி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சித்திரையில் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மாந்தோப்பை ஒரு பருவத்துக்குக் குத்தகை எடுத்திருந்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, அதனால் கொஞ்சம் வேகமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக எடுத்தோம் என்றால், எல்லாம் ஆத்திரத்தில்தான். எங்கள் ஊர் மாங்காய் எங்கள் கண்முன்னாலேயே லாரி ஏறும். எங்கேயோ ஒரு மண்டிக்குப் போய், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்து, மஞ்சள் மஞ்சளாக எங்கள் தெருவுக்கே திரும்பி வரும். வாயில் வைத்தால் ருசி இருக்காது. பிள்ளைகளுக்கு நாக்கு புண்ணாகும். சைக்கிளை மிதித்தால் மரத்தடிக்கே போய்விடலாம், நமக்கு எதற்கு இந்தப் பழம் என்று குழாயடியில் ஒருநாள் நான் சத்தம் போட்டேன். நாமே பறித்து, வைக்கோலில் பழுக்கப்போட்டு, தெருத்தெருவாக நாமே கொடுத்தால் என்ன? குடம் நிரம்புவதற்குள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம்.

எங்களில் மூத்தவர் மதினி. எனக்கு உறவில்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கணவர் இல்லை. இரண்டு கறவை மாடுகளை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடியது. அதில் ஒன்றை விற்றுத் தன் பங்கைக் கொடுத்திருந்தார். மற்ற நாலு பேரும் சேமிப்பில் இருந்ததைப் போட்டோம். அவர் வயிற்றுப்பாட்டில் பாதியைப் போட்டிருந்தார். ஆண்களுக்கு இது பெரிய வேடிக்கை. டீக்கடையில் எங்களுக்கு ‘மாங்கா கம்பெனி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பும்போது, “முதலாளியம்மா, நான் வேலைக்குப் போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்வார்.

பறிப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு சாயங்காலம் மேற்கே மலை கறுத்தது. செத்த நேரத்தில் ஒரு காற்று கிளம்பியது பாருங்கள், தெருவில் காயப்போட்டிருந்த பாவாடை தாவணி எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. பின்னாலேயே மழை.

விடிந்ததும் தோப்புக்கு ஓடினோம். தரையே தெரியவில்லை. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று எல்லா ரகக் காயும் பச்சைப் பசேலென்று கொட்டிக் கிடந்தன. நன்றாகத் திரண்ட காய்தான், ஆனால் பழுக்கவைக்கும் அளவுக்கு முற்றவில்லை. மரத்தில் பாதிகூட மிச்சமில்லை. அக்கம்பக்கத்துத் தோப்புகளிலும் இதே கதி என்பதால் சந்தையில் மாங்காயைச் சீந்துவார் இல்லை. மதினி ஒவ்வொரு காயாக எடுத்து, மண்ணைத் துடைத்து, மரத்தடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாங்காய் வியாபாரி ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார்.

“நாளைக்குச் சாயங்காலம் லாரி கொண்டாறேன். கீழ கெடக்கத அள்ளிக்கிடுதேன். மரத்துல இருக்கதையும் பறிச்சுக்கிடுதேன். ஏதோ பாத்துத் தாரேன், தோப்ப விட்டுருங்க. பொம்பளையளுக்கு எதுக்கு இந்தப் பாடு?”

மரத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கீழே கிடப்பதைத் தொடுவாராம். அவர் சொன்ன விலைக்கு மதினியின் மாட்டில் ஒரு கொம்புகூடத் திரும்பி வராது. நாளைக்குள் வேறு வழி பிடிக்காவிட்டால், தரையில் கிடப்பது அழுகும், நாங்கள் அவர் சொன்னதற்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் எதிர்வீட்டு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சித்திரை பிறந்துவிட்டால் அவர் வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் போடுவார்கள்; கிண்ணத்தோடு தெருவே காத்திருக்கும். அவர் வீட்டுக்கு ஓடிப்போய், மூச்சு வாங்க, “அக்கா, விழுந்தது பூராத்தையும் ஆவக்காயா போட்டுருவமா?” என்றேன்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. “கீழ விழுந்த காய்ல எங்க வீட்ல ஆவக்காய் போடவே மாட்டோம்மா. ஆள் ஏறிப் பறிச்சு, கூடையில எறக்கணும். மண்ணுல விழுந்த காய் வருஷம் தாங்காது. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மழை பேஞ்சு மெத்துனு இருந்த மண்ணுலதானக்கா விழுந்திருக்கு. எல்லாமா அடிபட்டிருக்கும்? மதினி மாட்ட வித்துருக்காவ. ஒங்க அத்தை கோவிச்சா நான் வந்து கால்ல விழுதேன், நீங்க வந்து ஒரு காயவாவது வெட்டிப் பாருங்க.”

வந்தார். வெட்டினார். கொட்டை ஓட்டோடு இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்தார். அடிபட்ட காய் என்றால் சதையில் பழுப்பாகக் கன்றியிருந்தது. முக்கால்வாசிக் காய் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றை மோந்து பார்த்தார், இன்னொன்றைக் கடித்துப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“கன்னுனது பூரா உப்பு வத்தலுக்கு. நல்லது ஆவக்காய்க்கு. ஒண்ணு சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. கழுவுறதெல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடி. தொடைச்சு, காய விட்டு, பொறவுதான் கத்தி. வெட்டுன துண்டுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.”

அவ்வளவுதான், தெருவே கிளம்பிவிட்டது. வைக்கோல் இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டரை மறித்து மாங்காயை ஏற்றினோம். தெருவில் குவியல் குவியலாகக் கொட்டிக் கழுவினோம். கழுவியாயிற்று, துடைக்க வேண்டுமே! இருக்கிற துண்டு, பழைய வேட்டி எல்லாம் கொஞ்ச நேரத்திலேயே நனைந்து பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டன. கைபிசைந்து நிற்கும்போது, பேண்டேஜ் தறியில் வேலை பார்க்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சைக்கிள் தெரியவில்லை, துணிதான் தெரிந்தது. நெசவில் பிசகி ஒதுக்கிப்போட்ட பேண்டேஜ் துணியை அவருடைய முதலாளி சுருள் சுருளாகக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பேண்டேஜ் துணிக்கு வராது. காரில் போன யாரோ ஒருவர் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். “காத்துல விழுந்து அடிபட்டுருச்சு சார், கட்டுப் போடுதோம்” என்று என் வீட்டுக்காரர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த மற்ற ஆண்களும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆவக்காய்க்கு ஓட்டோடு வெட்ட வேண்டும். அதற்கென்று கட்டையில் பொருத்திய கத்தி தெலுங்கு பேசும் வீடுகளில்தான் இருக்கும். அதையெல்லாம் கேட்டு வாங்கி வந்தோம். கடைக்காரர் உப்பு மூட்டையை இறக்கினார், செக்குக்காரர் நல்லெண்ணெய் கொடுத்துவிட்டார், சாத்தூர் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த மிளகாய் வத்தலை அப்படியே தந்தார். கை கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஊறுகாயில் பங்கு என்று மதினிதான் மெல்லச் சொன்னார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. வெட்டிய துண்டுகளில் ஓட்டுத் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் மிகுந்த பொறுப்போடு ஒரு பெரிய அண்டா நிறைய துண்டுகளைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்ப் பளிச்சென்று கழுவிக் கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா பார்த்தார். “வத்து, வத்து” என்று, வேண்டாம் வேண்டாம் என்பதைத் தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடிவந்தவர், அண்டாவைப் பார்த்ததும் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன், திறந்திருந்தால் அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அதற்குள் மதினி சிரித்துவிட்டார். சிரிப்பு என்றால், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

“சுத்தமா கழுவிருக்காவ, பாவம். வீணாக்குவானேன்? எல்லாருக்கும் சோறு வடிங்க, கொழம்பு வச்சுருவோம்.”

அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் மாங்காய்க் குழம்பு, மாங்காய்ப் பச்சடி. தெருவிலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை, நான் ஆள் விட்டுச் சொன்ன சேதி கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் அம்மாவும் அத்தைகளும் மடியில் ஆளுக்கொரு ஜாடியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட், ஜாடிக்கு ஒரு டிக்கெட் என்று கண்டக்டர் வம்பு பண்ணினாராம். ஊறுகாய் தருகிறோம் என்றதும் ஜாடிகளுக்கு சீட் கிடைத்ததாம். மத்தியானத்துக்குள் கடுகுப்பொடியும் வத்தல்பொடியும் எண்ணெயும் சேர்ந்த வாசனை மில் வாசல் வரைக்கும் போயிற்று. கன்றிய காயெல்லாம் உப்பில் ஊறி, மொட்டை மாடிகளில் பேண்டேஜ் துணிமேல் காய்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள் மழை பெய்த அடையாளமே இல்லாமல் வெயில் கொளுத்தியது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் மதினியும் நானும் தோப்பில் காத்திருந்தோம். சொன்னபடி லாரி வந்தது. வியாபாரி இறங்கித் தரையைப் பார்த்தார். சருகும் ஈர மண்ணும்தான் இருந்தன.

“காயெல்லாம் எங்கம்மா?”

“ஜாடிக்குள்ள இருக்கு அண்ணாச்சி,” என்றார் மதினி. “மரத்துல இருக்கதையும் நாங்களே பறிச்சுக்கிடுதோம். ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.”

குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. எனக்கோ ஒரு ஆட்டம் போட வேண்டும் போல இருந்தது. லாரி திரும்பிப் பாதையை அடைகிற வரை பொறுத்திருந்து, போட்டேன்.

மரத்தில் நின்ற காய்கள் வைக்கோலில் பழுத்து, சொன்னபடியே வீடுவீடாகப் போயின. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற கூட்டம் கட்டுச்சோற்றோடுதான் வரும். புளிச்சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் எங்கள் ஆவக்காயை இலைத்துண்டில் வைத்து விற்றோம். இரண்டு ஜாடி பூசணம் பிடித்துக் கெட்டும் போயிற்று. நான் ஈரக்கையோடு கிளறியதுதான் காரணம் என்று எதிர்வீட்டு அக்கா சொல்வார். நான் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. மதினிக்கு விற்ற மாடு திரும்பக் கிடைக்கவில்லை. ஆவணியில் கன்றோடு வேறொரு மாடு வாங்கினார். அடுத்த சித்திரையில் தோப்புக் குத்தகை பேசப் போனபோது, மில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஆண்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

ஐந்து பேர் எடுத்த தோப்பு எப்போது தெருவுக்கே தோப்பானது என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு காய்கூடத் தேறாது என்று நாங்கள் நினைத்து நின்ற அந்தக் காலையில்தான் என்று சொல்வேன்.