கஞ்சி வடிக்காத சோறு

என் பெரியப்பா பொய் எழுதியிருக்கிறார். கனடாவில் எங்கள் ஊர்ச் சங்கம் வெளியிட்ட ஆண்டு மலரில், கோட்டுப் போட்ட படத்தோடு, இரண்டு பக்கத்துக்குப் பொய். எங்கள் புங்குடுதீவுக்குச் சிவப்புச் சோற்றைக் கொண்டுவந்தது தானாம். ஆபிரிக்காவில் அகப்பட்டுக் கிடந்த மைத்துனியை மீட்டெடுத்ததும் தானாம். அவளுடைய கைத்திறனைக் கண்டுபிடித்து, விளையாட்டு விழாவில் பக்கத்தில் நின்று வழிகாட்டிச் சமைக்க வைத்ததும் தானாம்.

பக்கத்தில் நின்றது உண்மை. நான் அவருடைய கையைக் கடித்ததும் உண்மை. அதை அவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

ஊரார் சிவப்புச் சோறு என்று சொல்வதன் உண்மையான பெயர் ஜொலோஃப். மேற்கு ஆபிரிக்காவில் வீட்டு விசேஷங்களில் அது இல்லாமல் பந்தி இல்லையாம். தக்காளி, வெங்காயம், மிளகாய் மூன்றையும் அரைத்து, எண்ணெயில் பச்சை வாசம் போகும்வரை வதக்க வேண்டும். பிறகு இறைச்சி அவித்த தண்ணீரை விட்டு, அதற்குள்ளேயே அரிசியைப் போட்டு மூடிவிட வேண்டும். எல்லாம் ஒரே பானை. விட்ட தண்ணீர் முழுவதையும் அரிசியே குடித்து முடிக்கும். இதை இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம் உண்டு. பெரியப்பாவின் கட்டுரையில் 'கஞ்சியைப் பதமாக வடித்த பின்னர்' என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சோற்றை ஒருமுறையாவது சமைத்த எவரும் அந்த வரியை எழுத மாட்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புங்குடுதீவில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. மற்றப் பாதிக்கு ஆள் இல்லை. என் சின்னம்மா, அதாவது அம்மாவின் கடைசித் தங்கை, பிரான்சுக்கென்று, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டு, கானாவில் பதினான்கு மாதம் நின்றுவிட்டு, ஒரு சின்னப் பையோடு திரும்பி வந்திருந்தாள். போகும்போது இருந்த உடம்பில் பாதி கூட இல்லை.

ஊர் அவளை விதம்விதமாகப் பேசியது. தனியப் போன குமர்ப்பிள்ளை. அங்கே யாரோடு இருந்தாளோ, என்னத்தைத் தின்றாளோ. கோயில் அன்னதானத்துக்கு எல்லாப் பெண்களையும் வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவார்கள். அவளைக் கூப்பிட மாட்டார்கள். ஒருநாள் அவளாகவே போய் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் வெங்காயம் இருந்த ஓலைக் கடகத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வழியில் எங்கள் சனசமூக நிலையத்துக்குச் சொந்தமான கடை அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அம்மன் கோயிலும் புத்த விகாரையும் இருக்கிற நயினாதீவுக்குப் போகிற சனம் முழுவதும் அதைத் தாண்டித்தான் வள்ளம் ஏற வேண்டும். சாப்பாட்டுக் கடை போட அந்த அறையைத் தரும்படி சின்னம்மா கடிதம் கொடுத்தாள். நிலையத்தின் தலைவர் பெரியப்பா. அம்மாவின் மூத்த அக்காவைக் கட்டியவர். கூட்டத்தில் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாராம்.

"கடை குடுக்கலாம். உவளின்ரை கையாலை ஆர் சாப்பிடுவினம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனதாம். அன்றிலிருந்து சின்னம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் தன் கையால் ஒரு நேரம் சாப்பிட வேண்டும். 

அது விளையாட்டு விழாவன்று நடந்தது. கடைசி நிகழ்ச்சி உதைபந்தாட்டம். பக்கத்துத் தீவிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. எண்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. சமையல்காரர் நயினாதீவுக்காரர். தன் அண்டா, தாச்சி, உதவியாட்கள் எல்லாவற்றோடும் முதல் வள்ளத்தில் வருவதாகப் பேச்சு. அன்று பார்த்துச் சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது. வள்ளம் இல்லை. சமையல்காரரும் இல்லை.

எங்களிடம் இருந்தது நிலையத்தின் ஒரேயொரு பெரிய சமையல் கிடாரம், ஒரு மூட்டை வெள்ளைப் புழுங்கலரிசி, வெட்டிய கோழி, வெங்காயம், அதோடு இரண்டு பெட்டி தக்காளி. தென்பகுதியில் கடை வைத்திருக்கிற ஊரவர் ஒருவர் உபயமாக அனுப்பியது. கத்தரிக்காய் கேட்டதற்கு அவர் தக்காளி அனுப்பியிருந்தார். உபயமாக வந்ததைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வாங்கி வைத்திருந்தார்கள்.

"ஒரு கிடாரத்திலை எண்பது பேருக்குச் சோறும் கறியும் எப்பிடிக் காய்ச்சிறது?" என்றார் செயலாளர். பெண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். வீட்டில் எட்டுப் பேருக்குச் சமைப்பவர்கள் அவர்கள்.

"நான் காய்ச்சிறன்" என்றாள் சின்னம்மா. "அங்கை நாப்பது பேருக்கு நான்தான் காய்ச்சினனான். ஒரு பானைதான் இருந்தது."

பெரியப்பா சிரித்தார். "ஆபிரிக்கச் சமையலோ? வந்த பெடியளுக்கு வயித்தாலை அடிச்சா ஆர் பொறுப்பு?"

"பாண் வாங்கிக் குடுப்பமோ அப்ப?" என்றார் செயலாளர். எண்பது பேருக்குக் காணும் பாண் அன்று தீவில் எந்தப் பேக்கரியிலும் இல்லை. அதனால்தான் விட்டார்கள். அவளை நம்பி விடவில்லை. வேறு வழி இல்லாமல் விட்டார்கள். மலரில் இருக்கிற 'கண்டுபிடிப்பு' இதுதான்.

சின்னம்மா சேலையை இழுத்துச் செருகினாள். முதலில் கோழியை அவித்து எடுத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றி வைத்தாள். தக்காளியையும் வெங்காயத்தையும் மிளகாயையும் மாவு அரைக்கிற மெசினில் கொடுத்து அரைப்பித்தாள். கிடாரத்தில் எண்ணெய் விட்டு அதைக் கொட்டிக் கிண்டத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் கிண்டினாள். புளித்த வாசம் போய், எண்ணெய் பிரிந்து, குழம்பு கருஞ்சிவப்பாக வரும்வரை நிறுத்தவில்லை. அங்கே போடுகிற வாசனை இலை இங்கே இல்லை என்று எங்கள் கறித்தூளைப் போட்டாள். கோழித் தண்ணீரை விட்டாள். அரிசியைக் கழுவிக் கொட்டினாள். மேலே வாழையிலையைப் பரப்பி மூடியைப் போட்டு, எரிகிற கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டாள். அடியில் தணல் மட்டும்.

கால் மணித்தியாலத்தில் பெரியப்பா வந்தார். கையில் இரண்டு சாக்கு.

"வடிச்சிட்டியே?"

"இது வடிக்கிற சோறில்லை அத்தான்."

"வடிக்காத சோறும் ஒரு சோறே? களியாப் போகப் போகுது. சரி, பிடி, கிடாரத்தைச் சரிப்பம்."

"சரிச்சால் எல்லாம் போச்சு. விடுங்கோ."

அவர் சாக்கைப் போட்டுவிட்டுப் போனார். போகும் வழியெல்லாம், அவளுக்குச் சோறு காய்ச்சவே தெரியவில்லை, கஞ்சியோடு கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிடக் கேவலமாகச் சொல்ல அதிகம் இல்லை.

சின்னம்மா கோழியைப் பொரிக்கப் பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போனாள். போகும் முன் என்னைக் கிடாரத்துக்குப் பக்கத்தில் இருத்தினாள். "ஆர் வந்தாலும் மூடியிலை கை வைக்க விடாதை. மணந்தாலும் விடாதை. அடி கொஞ்சம் பிடிக்கோணும். அதுதான் ருசி."

மணந்தது. எங்கள் வீடுகளில் அந்த மணம் வந்தால் ஒரே சத்தமாக இருக்கும். சோறு அடிப்பிடித்துவிட்டது என்று ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி ஏசுவாள், ஒருத்தி தண்ணீர் தெளிப்பாள். எனக்கும் எழும்பி ஓடிப்போய்ச் சின்னம்மாவைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அசையாமல் இருந்தேன்.

பெரியப்பா ஒரு வாளி தண்ணீரோடு ஓடி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். "கருக்கிப் போட்டாள். நான் அப்பவே சொன்னனான். எழும்படி."

"சின்னம்மா திறக்கக் கூடாதெண்டவ."

"உன்ரை சின்னம்மா சொன்னால்? எழும்படி எண்டுறன்."

அவர் ஒரு கையால் மூடியைப் பிடித்தார். வாளியை மற்றக் கையால் தூக்கினார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மூடியில் இருந்த கையைக் கடித்தேன். பெருவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடம். நன்றாக அகப்பட்டது. அவர் கத்தினதில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வாளித் தண்ணீர் அவருடைய வேட்டியில் கொட்டியது. சோற்றுக்குள் ஒரு துளி போகவில்லை.

அம்மா என் முதுகில் இரண்டு போட்டாள். சின்னம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூடியைத் தூக்கி வாழையிலையை விலக்கினாள்.

அந்த ஆவியில் வந்த வாசத்தை எனக்கு இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் சிவந்து நின்றது. அடியில் புகைந்த வாசம் மேலே வரை ஏறியிருந்தது.

ஆனாலும் ஒருவரும் சோற்றுக் கோப்பையை நீட்டவில்லை. எண்பது பேர் நிற்கிறார்கள், பசியோடு நிற்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. சின்னம்மா கரண்டியோடு நின்றாள். 

கடைசியில் வந்தவர் எங்கள் ஊரில் எந்தக் கலியாண வீட்டுச் சோற்றிலும் குறை பிடிக்கிற ஒரு கிழவர். வாங்கினார். நின்றபடியே ஒரு வாய் வைத்தார். மென்றார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

"பிள்ளை, காந்தல் மணம் அடிக்குது."

பெரியப்பா நனைந்த வேட்டியோடு தலையை ஆட்டினார்.

"அந்தக் காந்தலிலை இன்னுங் கொஞ்சம் சுரண்டிப் போடு" என்றார் கிழவர்.

பிறகு வரிசை வேலி வரைக்கும் போனது. விருந்தாளிகளுக்கு முதலில் என்பது எங்கள் முறை. பக்கத்துத் தீவு அணி இரண்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் நான்கு தரம். எங்கள் பெடியளுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. அவர்களால் நடக்கத்தான் முடிந்தது. நாங்கள் ஐந்து கோல் போட்டோம். அதற்கு முன் அவர்களை நாங்கள் வென்றதே இல்லை. வென்ற கிண்ணத்தோடு பெரியப்பா எடுத்துக்கொண்ட படமும் மலரில் இருக்கிறது. கையில் கட்டுத் தெரிகிறது. என்ன கட்டு என்று கீழே எழுதவில்லை.

அடுத்த கூட்டத்தில் கிழவர் எழும்பி, சட்டைப் பைக்குள் போன கடிதத்தை வெளியே எடுக்கச் சொன்னார். கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. பெரியப்பாவின் கைதான் கடைசி. வெங்காயக் கடகத்தை இழுத்தவள் முதல் கிழமையே கடைக்கு வந்து, வீட்டுக்காரருக்கென்று காந்தல் கேட்டாள். சின்னம்மா போட்டுக் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

கடை இன்றைக்கும் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்காகக் கோழியில்லாமல் காய்ச்சுகிறாள். விகாரைக்கு வருகிற சிங்களச் சனமும் பஸ்ஸை நிறுத்திச் சாப்பிடுகிறது. யார் பழக்கினது என்று கேட்டால், அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அக்கா என்பாள். ஏஜென்சிக்காரன் ஒரு வீட்டுக்குள் நாற்பது பேரை விட்டு வெளியே பூட்டிவிட்டு ஓடியபோது, முதல் பானையை மதிலுக்கு மேலால் நீட்டியவள் அவள். அடுத்த பானையைச் சமைக்கக் காட்டிக் கொடுத்தவளும், வீட்டுக்குப் பேசத் தன் போனைக் கொடுத்தவளும், பிறகு அதிகாரிகளைக் கூட்டி வந்து பூட்டை உடைப்பித்து சின்னம்மாவைத் திருப்பி அனுப்புவித்தவளும் அவள்தான். மீட்டவர் பெயர் வேண்டுமென்றால் சங்கம் அவளுடைய பெயரைப் போடட்டும்.

கடை திறந்து ஆறு மாதத்தில் பெரியப்பா குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். நான் கடித்ததால்தான் அவர் ஊரை விட்டே ஓடினார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். கஞ்சி வடிக்காத கோபம் ஒரு மனிதருக்கு இவ்வளவு இருக்குமா என்றுதான் அந்த வயதில் யோசித்தேன். வேறு ஒன்றும் யோசிக்கத் தெரியவில்லை.

மலரைப் படித்த அன்று சின்னம்மா மிச்சத்தைச் சொன்னாள். ஊர் ஒதுக்கி வைத்த பெண்ணிடம் யாரும் கதை கேட்க மாட்டார்கள். சாப்பிட வந்து உட்கார்ந்தவர்கள்தான் ஆறுதலாகக் கேட்கத் தொடங்கினார்கள்: உன்னை ஆர் பிள்ளை அந்த ஏஜென்சிக்காரனிட்டை விட்டது? அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அவர் வாளியோடு ஓடி வந்தார்.

பெரியப்பா, சங்கத்தின் அடுத்த மலர் வரப்போகிறது. இதையும் அதற்குத்தான் அனுப்புகிறேன். இதற்குப் பக்கத்திலேயே உங்கள் பதிலையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஏஜென்சிக்காரனை 'என்ரை கூட்டாளி' என்று சொல்லி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து கதிரையில் இருத்தியது யார்? கானாவிலிருந்து அவள் எடுத்த முதல் அழைப்பு உங்களுடைய போனுக்குத்தான் வந்தது. அவளுடைய குரலைக் கேட்டுவிட்டு, இனி எடுக்காதே என்று வைத்துவிட்டு, அவள் பிரான்சில் சுகமாக இருக்கிறாள் என்று அன்றைக்குப் பின்னேரமே என் அம்மாவிடம் வந்து சொன்னது யார்? எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஊர் முழுவதும் வாசிக்கிற இடத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.